வசந்த சமநிலையும் இரண்டு யுரேனஸும்

முதலில் நான் வாங்கிய அறிவியல் பெட்டியின் விலையைச் சொல்லிவிடுகிறேன். 2,640 ரூபாய். சொந்தக் காசு. பள்ளி மானியத்தில் வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் பள்ளியில் அது குழாய் மாற்றவும் ஓடு மாற்றவுமே சரியாகப் போய்விடுகிறது.

புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடிப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 4, 5 இரண்டு வகுப்பையும் ஒரே அறையில் வைத்து எடுக்கிறேன். 27 பிள்ளைகள். 6-ஆம் வகுப்புக்குப் போய்விட்டால் வானவில் மன்றம் இருக்கிறது, கருவிகளோடு ஆள் வந்து சோதனை செய்து காட்டுவார்கள். அதற்குக் கீழே இருக்கிற எங்களுக்குக் கரும்பலகையும் என் தொண்டையும்தான். அதனால்தான் ஜூன் மாதம் இந்த அறிவியல் பெட்டியை இணையத்தில் பார்த்ததும் ஆசை வந்தது. ஒரே பெட்டிக்குள் மூன்று டப்பா: சூரியக் குடும்பம், விசை, சூழ்நிலை மண்டலம். ‘8 முதல் 12 வயது வரை’ என்று போட்டிருந்தது. ‘தமிழ் வழிகாட்டி உண்டு’ என்றும் போட்டிருந்தது. அந்தத் தமிழைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. திட்டுவதற்காக இதை எழுதவில்லை. இந்த மாதிரிப் பெட்டி வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற ஆசிரியர்கள், அப்பா அம்மாக்கள் இருப்பீர்கள். ஒரு பருவம் முழுக்க 27 ஜோடிக் கைகளில் அடிபட்ட பிறகு எது தேறியது, எது தேறவில்லை என்று சொல்லத்தான்.

ஒன்பது நாளில் வந்து சேர்ந்தது. ஒரு மூலை நசுங்கியிருந்தது. சூரியக் குடும்ப டப்பாவைத் திறந்து எண்ணினால் ஏழு கோள்தான். நெப்டியூனைக் காணோம். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். பேசிய பெண் பொறுமைசாலி. “எந்தக் கலர் உருண்டை மேடம் வரல?” என்று கேட்டார். நீலம் என்றேன். பத்து நாள் கழித்து ஒரு சின்னக் கவரில் இளநீல உருண்டை ஒன்று வந்தது. பார்த்தால் அது யுரேனஸ். ஆக எங்கள் பள்ளியில் இப்போது இரண்டு யுரேனஸ். ஒன்றின் மேல் பேனா மை தடவி நெப்டியூன் என்று வைத்துக்கொண்டோம். யுரேனஸின் குறுக்களவு சுமார் 50,700 கி.மீ., நெப்டியூனுடையது 49,200 கி.மீ. கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளைகள் என்பதால் அறிவியலுக்குப் பெரிய பங்கம் ஒன்றும் வந்துவிடவில்லை.

அந்த டப்பாவில் பெரிய சாமான் ஒரு மோட்டார் மாடல். நடுவில் மஞ்சள் உருண்டை, உள்ளே எல்இடி விளக்கு, சுற்றிலும் எட்டுக் கைகளில் எட்டுக் கோள்கள். மூன்று பென்சில் பேட்டரி போட்டுச் சுவிட்சைத் தட்டினால் திருவிழா ராட்டினம் மாதிரிச் சுற்றும். அறையை இருட்டாக்கிச் சுற்றவிட்டதும் பிள்ளைகள் “ஓ...” என்றார்கள். எனக்கும் சந்தோஷம். ஆனால் அந்தச் சந்தோஷம் ஐந்து நிமிடம்தான்.

ஏனென்றால் எட்டுக் கோளும் ஒரே அச்சில் மாட்டியவை. ஒன்றாகக் கிளம்பி ஒன்றாகவே வந்து சேர்கின்றன. பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு என்ன தோன்றும்? எல்லாக் கோளுக்கும் ஒரே ஆண்டு என்று தோன்றும். புதன் 88 நாளில் ஒரு சுற்று முடித்துவிடும், நெப்டியூனுக்கு 165 ஆண்டு ஆகும் என்று நான் வாயால் சொல்வதை, கண்ணெதிரே சுற்றுகிற பொம்மை பொய்யாக்கிக்கொண்டே இருக்கிறது. வாயா, கண்ணா என்றால் பிள்ளைகள் கண்ணைத்தான் நம்புவார்கள்.

கடைசியில் கைகொடுத்தது அந்த மோட்டார் இல்லை, சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டர்தான். குருப்பெயர்ச்சி எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறது என்று கேட்டேன். “வருஷா வருஷம்” என்றாள் ஒருத்தி, அவள் தாத்தா கோயில் பூசாரி. சனிப்பெயர்ச்சி? இரண்டரை வருஷம். ராசி மொத்தம் 12. பெருக்கச் சொன்னேன். வியாழன் ஒரு சுற்று வர 12 ஆண்டு, சனி சுற்றிவர 30. உண்மைக் கணக்கு 11.9, 29.5. பலன் சொல்கிற விஷயத்துக்குள் நான் போகவில்லை, அது அவரவர் வீட்டுப் பாடு. ஆனால் கோள்களுக்கு வேறு வேறு வேகம் என்பதை இந்தப் பிள்ளைகளின் வீட்டுச் சுவரே சொல்லிக்கொண்டிருக்கிறது, 2,640 ரூபாய்ப் பெட்டி சொல்லவில்லை. கும்பகோணத்து மகாமகம் ஏன் 12 வருஷத்துக்கு ஒரு முறை என்று அப்புறம் அவர்களே கேட்டார்கள். 2016-இல் நடந்தது, 2028-இல் அடுத்தது என்றேன். போவதற்கு இப்போதே திட்டம் போட்டுவிட்டார்கள்.

அடுத்த குறை நிலா. பூமி உருண்டையிலிருந்து ஒரு கம்பி நீண்டு, அதன் நுனியில் நிலா. பூமியும் சூரியனும் இருக்கும் அதே மட்டத்தில் கிடையாகச் சுற்றுகிறது. பின்வரிசையில் எப்போதும் எதையோ மென்றுகொண்டிருக்கும் ஒரு பையன், இரண்டு நாள் அதையே பார்த்துவிட்டுக் கேட்டான்: “டீச்சர், அப்ப ஒவ்வொரு அமாவாசைக்கும் கிரகணம் வரணும்ல? ஏன் வரல?”

இந்தக் கேள்விக்காக அந்தப் பெட்டியின் பாதி விலையைத் தள்ளுபடி செய்கிறேன். கேள்வி சரி, பொம்மைதான் தப்பு. நிலாவின் பாதை பூமியின் பாதைக்கு ஏறக்குறைய 5 டிகிரி சாய்ந்திருக்கிறது. அதனால் பெரும்பாலான அமாவாசைகளில் நிலாவின் நிழல் பூமிக்கு மேலேயோ கீழேயோ போய்விடும். இடுக்கியை எடுத்து அந்தக் கம்பியை லேசாக வளைத்தேன். 5 டிகிரியை விட அதிகமாகவே வளைந்துவிட்டது, பரவாயில்லை. நிழல் பூமியைத் தொடாமல் தாண்டிப் போவதை எல்லோரும் பார்த்தார்கள். 2019 டிசம்பர் 26 அன்று நம் புதுக்கோட்டையில் சூரியன் வளையல் மாதிரித் தெரிந்ததே, அன்றைக்கு நிழல் சரியாக நம் தலையில் விழுந்தது என்று சொன்னேன். இவர்கள் அப்போது மூன்று நான்கு வயதுக் குழந்தைகள், ஒருவருக்கும் நினைவில்லை. “எங்கம்மா என்னை வெளியவே விடல டீச்சர்” என்று ஒரு பிள்ளை சொன்னது, அதுவும் வீட்டில் சொல்லக் கேட்டுத்தான்.

அளவைப் பற்றியும் சொல்லவேண்டும். பெட்டியில் சூரியன் 7 செ.மீ., பூமி 2 செ.மீ. உண்மையில் சூரியனின் குறுக்கே 109 பூமிகளை வரிசையாக அடுக்கலாம். அட்டையில் ‘அளவுக்கு உட்பட்டதல்ல’ என்று ஓரத்தில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அது போதாது. ஆகவே பெட்டியை மூடி வைத்துவிட்டு ஒரு நாள் மாலை எல்லோரும் ரோட்டுக்கு வந்தோம்.

செலவு பத்து ரூபாய்கூட இல்லை. 14 செ.மீ. அகலத்தில் அட்டை வட்டம் வெட்டி மஞ்சள் பூசிப் பள்ளிக்கூட கேட்டில் கட்டினோம். அதுதான் சூரியன். எல்லாவற்றையும் ஆயிரம் கோடி மடங்கு சுருக்கிய கணக்கு. புதனுக்கு ஒரு கசகசா, கேட்டிலிருந்து 6 மீட்டரில். வெள்ளிக்கு ஒரு கேழ்வரகு, 11 மீட்டரில். பூமிக்கு இன்னொரு கேழ்வரகு, 15 மீட்டரில். செவ்வாய்க்கு மறுபடியும் கசகசா, 23 மீட்டரில். அதுவரை எல்லோரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். அடுத்தது வியாழன், ஒரு பெரிய சுண்டைக்காய். 78 மீட்டர் நடக்கவேண்டும். சனி, அதைவிடக் கொஞ்சம் சின்னச் சுண்டைக்காய், 143 மீட்டரில், ரைஸ் மில் வாசலில். யுரேனஸ் ஒரு மிளகு, 287 மீட்டரில். நெப்டியூன் இன்னொரு மிளகு. அதை வைக்க 450 மீட்டர் தாண்டி அய்யனார் கோயில் புளியமரத்தடிக்குப் போனோம். அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் மஞ்சள் வட்டம் ஒரு புள்ளி. “இவ்ளோ காலியாவா இருக்கு?” என்று ஒருத்தி கேட்டாள். அவ்வளவு காலிதான்.

இந்த அளவில் ஒளிக்கு என்ன வேகம் தெரியுமா? நொடிக்கு 3 செ.மீ. எறும்பு ஊர்கிற வேகம். சூரியனிலிருந்து கிளம்பும் அந்த எறும்பு 15 மீட்டர் ஊர்ந்து நம் கேழ்வரகை எட்ட 8 நிமிடம் 20 நொடி ஆகும். கேட்டடியிலிருந்து ஒரு கட்டெறும்பை நேராக ஊரவைத்துப் பார்த்துவிடலாம் என்று இரண்டு பையன்கள் மும்முரமாக முயன்றார்கள். எறும்புக்கு அதில் விருப்பமில்லை. சூரியனை விட்டால் நமக்கு அடுத்த நட்சத்திரம் எங்கே வரும் என்றும் கேட்டார்கள். ஏறத்தாழ 4,000 கி.மீ. தள்ளி. காஷ்மீர் வரை போய் மஞ்சள் அட்டை கட்டினாலும் போதாது.

சூரியக் குடும்ப டப்பாவில் உருப்படியானது ஒன்றே ஒன்று: கையடக்க டார்ச் ஒன்றும் நுரைப்பந்து ஒன்றும். இருட்டு அறையில் பந்தைக் கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு தன்னைத்தானே சுற்றினால் பிறை, அரைநிலா, முழுநிலா எல்லாம் தன் கையிலேயே தெரியும். 27 பேரும் வரிசையில் நின்று சுற்றினார்கள். இரண்டு பேர் தலைசுற்றி உட்கார்ந்தார்கள். ஆனால் இதற்கு வீட்டு டார்ச்சும் ஒரு ரப்பர் பந்தும் போதும்.

ஓர் இடைச்செருகல். மாடலில் உள்ள பூமி நட்டக்குத்தலாக நிற்கிறது, 23.5 டிகிரி சாய்வு இல்லை. அதனால் பருவகாலம் பற்றி அதை வைத்துப் பேசவே முடியாது. அதற்குப் பதிலாக, ஆகஸ்ட் 25, 26 தேதிகளில் பகல் 12.15 தாண்டியதும் மைதானத்தில் ஒரு பெரிய டார்ச் பேட்டரியை நிமிர்த்தி வையுங்கள். நம் புதுக்கோட்டை அட்சரேகைக்கு அந்த நாட்களில் சூரியன் உச்சந்தலைக்கு மேலே வருகிறது. நிழல் இருக்காது. ஏப்ரல் 17 வாக்கில் இன்னொரு தடவை வரும், ஆனால் அப்போது பரீட்சைக் காலம். மற்ற ஊர்க்காரர்களுக்குத் தேதி கொஞ்சம் மாறும்.

இனி விசை டப்பா. மூன்றில் இதற்குத்தான் கொடுத்த காசு தகும். உள்ளே இருந்தவை: இரண்டு சுருள்வில் தராசு, இரண்டு கப்பி, ஒரு சாய்தளப் பலகை, ஒரு சின்ன வண்டி, 50 கிராம் எடைக்கல் நான்கு, காந்தங்கள், உப்புத்தாள், வெல்வெட் துணி.

தமிழ் வழிகாட்டிக்கு இப்போது வருகிறேன். அதில் முதல் வரி: ‘வசந்த சமநிலையை எடுத்துக் கொக்கியில் தொங்கவும்.’ ஒரு நிமிடம் எனக்கே புரியவில்லை. ஸ்பிரிங் என்றால் வசந்தம், பேலன்ஸ் என்றால் சமநிலை என்று ஏதோ ஒரு எந்திரம் மொழிபெயர்த்துத் தள்ளியிருக்கிறது. மனிதர் யாரும் ஒரு தடவை படித்துக்கூடப் பார்க்கவில்லை. விசை என்கிற சொல்லே அதில் கிடையாது. எல்லா இடத்திலும் ‘படை’. ‘படையை இரட்டிப்பாக்கினால் வண்டி வேகமாகும்.’ ‘தொங்கவும்’ என்று நம்மைத்தான் தொங்கச் சொல்கிறது, தராசை இல்லை. அன்று முழுக்க வகுப்பில் அந்தத் தராசுக்கு வசந்தா என்று பெயர். இன்றுவரை அதுவே நிலைத்துவிட்டது.

இரண்டு வசந்தாக்களில் ஒருத்தி பிறவியிலேயே கோளாறு. ஒன்றும் மாட்டாதபோதே 0.4 நியூட்டன் காட்டினாள். திருப்பி அனுப்பலாம் என்று எடுத்துவைத்தேன். ஒரு பெண் பிள்ளை தடுத்தாள். அவள் அம்மா சந்தையில் காய்கறிக்கடை போடுகிறவர். “கழிச்சுக்கலாம் டீச்சர். எங்கம்மா கூடையோட போட்டா கூடையைக் கழிப்பாங்கல்ல, அது மாதிரி.” சுழிப் பிழை என்று நான் பாடம் எடுத்திருந்தால் அரைமணி நேரம் ஆகியிருக்கும். அந்தத் தராசை அப்படியே வைத்துக்கொண்டோம்.

சாய்தளத்தில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இது எல்லோரும் வீட்டிலேயே செய்யக்கூடியது. வண்டியில் எடைக்கல்லை எல்லாம் ஏற்றி நல்ல தராசில் நேராகத் தொங்கவிட்டால் 2.5 நியூட்டன். 50 செ.மீ. பலகையின் ஒரு முனைக்கு அடியில் புத்தகங்களை அடுக்கி 15 செ.மீ. உயர்த்தி, அதே வண்டியைச் சரிவில் மெல்ல இழுத்தால் 0.9 நியூட்டன்தான். பாதிக்கும் கீழே! பிள்ளைகள் நம்பவில்லை. மறுபடி இழுத்தார்கள், கை மாற்றி இழுத்தார்கள். ஒருவன் பலகைக்கு அடியில் ஏதாவது இருக்கிறதா என்று குனிந்து பார்த்தான். புத்தகத்தைக் குறைத்தால் தராசு இன்னும் குறைவாகக் காட்டியது, ஆனால் அதே உயரத்துக்கு ஏற்ற வேண்டுமென்றால் நீளமான பலகை வேண்டும். விசையில் மிச்சம் பிடித்ததைத் தூரத்தில் கொடுத்தாக வேண்டும். நான் சொல்வதற்கு முன்பே, “டாட்டா ஏஸ்ல பைக்கை ஏத்துறப்ப நீளப் பலகை கேப்பாங்க டீச்சர், குட்டையா இருந்தா ரெண்டு ஆள் தள்ளணும்” என்றான் ஒருவன். அவன் மாமாவுக்கு மெக்கானிக் கடை.

கப்பி சுமார். நூல் மட்டமானது, இரண்டாம் நாளே பிரிந்துவிட்டது. தூண்டில் நரம்பு கட்டினோம். மேலே கட்டிய ஒற்றைக் கப்பியில் விசை குறையவே குறையாது, இழுக்கும் திசைதான் மாறும். கிணற்றுக் கப்பியும் அதுதான். கீழ்நோக்கி இழுக்கும்போது நம் உடம்பு எடையும் கூட இறங்குவதால் சுலபமாகத் தெரிகிறது. அசையும் கப்பி ஒன்றைச் சேர்த்தால்தான் தராசில் அளவு பாதியாகும், ஆனால் கயிறு இரண்டு மடங்கு இழுக்கவேண்டும். இதற்கு வழிகாட்டியில் கொடுத்திருந்த படம் தலைகீழாக அச்சாகியிருந்தது. அதைப் பார்த்துக் கட்டியிருந்தால் எடைக்கல் மேல்நோக்கித் தொங்கியிருக்கும்!

உராய்வுக்கு உப்புத்தாளும் வெல்வெட்டும் கொடுத்திருக்கிறார்கள். வேலை செய்கிறது. ஆனாலும் நான் கேரம் போர்டையே சொல்வேன். பவுடர் போடாமல் ஸ்ட்ரைக்கரைச் சுண்டு, பவுடர் போட்டுச் சுண்டு, அடிஸ்கேலால் அள. விளையாட்டு என்பதால் பத்துத் தடவை சலிக்காமல் அளப்பார்கள். உப்புத்தாளை இரண்டு தடவைக்கு மேல் ஒருவரும் தொடவில்லை.

எடைக்கல்லில் 50 கிராம் என்று இருக்கிறது, தராசு நியூட்டனில் காட்டுகிறது. நிறைக்கும் எடைக்கும் வித்தியாசம் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல சாக்கு கிடையாது. ரேஷன் அரிசி 20 கிலோவை நிலாவுக்குத் தூக்கிப்போய் வசந்தா மாதிரிப் பெரிய சுருள்வில் தராசில் தொங்கவிட்டால் ஆறில் ஒரு பங்குதான் காட்டும், ஆனால் மூட்டையில் ஒரு மணி அரிசிகூடக் குறைந்திருக்காது என்றேன். இரட்டைத் தட்டுத் தராசில் போட்டால்? கல்லும் அதே அளவு இலேசாகிவிடும், ஆகவே 20 கிலோதான். வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. அப்புறம் ஒரு குரல்: “அப்ப நிலாவுல ரேஷன் கடைக்காரர் எந்தத் தராசு வச்சிருப்பார்?” சந்திரயான்-3 இறங்கியதை எல்லாம் சொல்லி முடித்திருந்த எனக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை.

இந்த டப்பாவில் ஒரு சேதம், அது முழுக்க என் தப்பு. தராசின் எல்லை 5 நியூட்டன், அதாவது அரைக் கிலோதான். நான் தலைமையாசிரியரிடம் பேசிக்கொண்டிருந்த இரண்டு நிமிடத்தில் ஒருவன் தன் புத்தகப் பையைக் கொக்கியில் மாட்டிவிட்டான். பை மூன்று கிலோவுக்கு மேல். சுருள் நீண்டது நீண்டதுதான், திரும்பி வரவில்லை. போனது நல்ல வசந்தா. இப்போது நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலமாரியில் நிற்கிறாள். மீள்தன்மைக்கும் ஓர் எல்லை உண்டு என்று காட்ட மட்டும் எடுக்கிறேன்.

மூன்றாவது டப்பா சூழ்நிலை மண்டலம். சுருக்கமாகச் சொன்னால், வாங்காதீர்கள். நாற்பது அட்டை. சிங்கம், வரிக்குதிரை, கழுதைப்புலி, பனிக்கரடி, சீல். ஆலங்குடிப் பிள்ளைக்குப் பனிக்கரடி என்பது ஐஸ்கிரீம் வண்டியில் ஒட்டியிருக்கும் படம். அட்டைகளின் பின்னால் தமிழ் வேறு. புல்லின் பின்னால் ‘தயாரிப்பாளர்’ என்று இருந்தது. “எந்தப் படம் தயாரிச்சுச்சு டீச்சர்?” என்று கேட்டுவிட்டார்கள். உற்பத்தியாளர் என்று நான் திருத்தினாலும் புல்லுக்கு அந்தப் பட்டம் போகவில்லை. கூடவே வந்த விதைப் பொட்டலம் முளைக்கவில்லை. மூடி போட்ட பிளாஸ்டிக் ஜாடி மட்டும் பயன்பட்டது. ஊரணித் தண்ணீரும் வேலம்பாசியும் இரண்டு நத்தையும் போட்டு ஜன்னலில் வைத்தோம். வெயில் படும்போது பாசியிலிருந்து முத்து முத்தாகக் குமிழி கிளம்பும். மேகம் மூடினால் குறையும். இதை ஒரு பிள்ளை தானாகக் கவனித்துச் சொன்னது.

அட்டைகளை நாங்களே செய்தோம், பழைய காலண்டர்த் தாளின் முதுகில். நெல், கடலைச் செடி, வெட்டுக்கிளி, தவளை, ஓணான், சாரை, மயில், கீரி, பருந்து. கண்மாய்க்குத் தனி வரிசை: பாசி, நத்தை, ஜிலேபிக் கெண்டை, கொக்கு, நீர்க்காகம். ஜிலேபிக் கெண்டை நம் ஊர் மீனே இல்லை, ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்றதும் பெரிய விவாதம். சீமைக்கருவேலமும் ஆகாயத்தாமரையும் கடல் தாண்டி அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை என்றேன். “அப்ப தைலமரம்?” ஆஸ்திரேலியா. ஊரைச் சுற்றித் தைலமரக் காடு, அதற்குள் பறவைக்கூடு குறைவு என்பதை ஆடு மேய்க்கிற வீட்டுப் பிள்ளைகள்தான் எனக்குச் சொன்னார்கள்.

ஆனால் அந்த டப்பாவை நியாயப்படுத்துகிற ஒன்று உண்டு: கைப்பிடி உள்ள உருப்பெருக்கிக் கண்ணாடி. நல்ல கண்ணாடி, கோணல் இல்லாமல் தெரிகிறது. காய்ந்த இலையைப் புரட்டிக் கறையான், மரவட்டை, சாணி வண்டு என்று பார்த்து முடிக்க ஒரு வாரம் ஆனது. வரிசையில் சண்டை வேறு. பெட்டியிலே ஒன்றுதான் வைத்திருக்கிறார்கள், குறைந்தது நான்கு வைத்திருக்கலாம். பனிக்கரடியைக் குறைத்துவிட்டு.

ஆற்றல் எப்படிக் குறைந்துகொண்டே போகிறது என்பதற்கு வழிகாட்டியில் ஒரு முக்கோணப் படம் இருக்கிறது. அதை விட்டுவிட்டுக் கடலை வாங்கினேன். இது கடலைச் சீமை, மலிவு. நூறு பருப்பு எண்ணிச் செடி வேஷம் போட்ட பிள்ளையிடம் கொடுத்தேன். வெட்டுக்கிளிக்குப் பத்துதான் போகும். மீதி செடி தான் வாழ்வதற்குச் செலவழித்தது, வெட்டுக்கிளி தின்னாமல் விட்டது, செரிக்காமல் போனது. வெட்டுக்கிளியிடமிருந்து தவளைக்கு ஒன்று. தவளை அதைப் பத்தாக உடைத்து ஒரு துணுக்கைச் சாரைக்குக் கொடுக்கவேண்டும். பத்தில் ஒன்று என்பது தோராயம்தான், இடத்துக்கு இடம் மாறும். சாரைப்பாம்பாக இருந்தவன் உள்ளங்கையில் அந்தத் துணுக்கைப் பார்த்துவிட்டு அழாத குறையாக, “எனக்கு ஒன்னுமே வரல டீச்சர்” என்றான். பக்கத்தில் பருந்து இன்னும் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது.

“வயல்ல எத்தனை வெட்டுக்கிளி பார்த்திருக்கீங்க?” எண்ணவே முடியாது. “எத்தனை பருந்து?” எப்பவாவது ஒன்று. அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. மீதிக் கடலையைச் சிதைப்பான்களாகிய நாங்கள் எல்லோரும் தின்று தீர்த்தோம். சாரைக்கு மட்டும் ஒரு கை அதிகம்.

போன வாரம் கம்பெனியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது, எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று. விசை டப்பாவுக்கு நான்கு, சூரியக் குடும்பத்துக்கு இரண்டு, சூழ்நிலை மண்டலத்துக்கு ஒன்று, அதுவும் கண்ணாடிக்காக. வழிகாட்டியைத் தமிழ் தெரிந்த ஓர் ஆசிரியரிடம் காட்டித் திருத்துங்கள் என்றும் எழுதினேன். ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று பதில் வந்தது. நெப்டியூன் இன்னும் வரவில்லை.

டப்பாக்களைத் தனித்தனியாக விற்பதில்லை என்கிறார்கள். அப்படியானால் முழுப் பெட்டியும் வாங்கவேண்டாம் என்பேன். சுருள்வில் தராசைப் பள்ளி ஆய்வகச் சாமான் விற்கும் கடைகளில் தனியாகவே வாங்கலாம். நியூட்டன், கிராம் இரண்டு அளவும் பொறித்ததா என்று பார்த்து, கடையிலேயே வெறுமனே தொங்கவிட்டுச் சுழியில் நிற்கிறதா என்று சரிபாருங்கள். கப்பி இரும்புக்கடையில் கிடைக்கும், துணிக்கொடி மாட்டுகிற சின்ன அளவு போதும். பலகை எந்தத் தச்சரிடமும் துண்டாகக் கிடக்கும். உருப்பெருக்கி ஸ்டேஷனரிக் கடையில் இருக்கும், ஒன்றுக்கு நாலாக வாங்குங்கள். தராசு வந்ததும் முதல் வேலையாக அதன் மேல் ‘அரைக் கிலோ வரை’ என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். புத்தகப் பை பக்கத்தில் வைக்காதீர்கள்.